பாங்காக்கில் இருவர்: ஆற்றை ஒட்டிய நாட்கள்

பாங்காக்கில் காலை ஏழரை முதல் பத்து வரையிலும், மாலை நாலரை முதல் எட்டு வரையிலும் டாக்சியில் ஏறாதீர்கள். இந்த அத்தியாயத்திலிருந்து ஒரே ஒரு யோசனையை எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். சுகும்வித், சாத்தோன் போன்ற பெரிய சாலைகளில் ஒரு சிவப்பு விளக்கு மாறவே பல நிமிடங்கள் ஆகும். ஊர் பார்க்க வந்த இருவர் கண்ணாடி மூடிய காருக்குள் மீட்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தால், அன்றைய மகிழ்ச்சியில் பாதி அங்கேயே கரைந்துவிடும்.

இதற்கு மாற்று, ஊரின் நடுவிலேயே ஓடுகிறது. 1782இல் முதலாம் ராமா மன்னர், மேற்குக் கரையில் தோன்புரியில் இருந்த தலைநகரைக் கிழக்குக் கரைக்கு மாற்றினார். பாங்காக் அப்படித்தான் தலைநகரானது. அரண்மனை, பெரிய விகாரைகள், சீனர்களின் வணிகத் தெருக்கள், பூச்சந்தை எல்லாமே சாவோ பிரயா ஆற்றையும் அதிலிருந்து பிரியும் கால்வாய்களையும் நம்பி எழுந்தவை. மேலைநாட்டு முறையில் போட்ட முதல் பெரிய சாலையான சரோன் க்ருங் 1860களில்தான் வந்தது. ஆகவே படகில் போனால் நெரிசலும் இல்லை, நகரம் வளர்ந்த வரிசையிலேயே அதைப் பார்த்தமாதிரியும் ஆகும்.

ஒரு நாளைக்கு இரண்டே இடங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நடுவில் பதினொன்றரை முதல் மூன்றரை வரை அறைக்குத் திரும்பிக் குளித்துப் படுத்து எழுவது. சென்னை வெயிலுக்குப் பழகியவர்கள்கூட பாங்காக்கின் புழுக்கத்தில் மதியம் கோயில் முற்றங்களில் நடந்தால் சோர்ந்துபோவார்கள். “ஏங்க, இன்னும் ஒண்ணே ஒண்ணுதானே, அதையும் பாத்துட்டு வந்துடலாம்” என்ற பேச்சு மதியம் ஒரு மணிக்கு எழுந்தால் உறுதியாக மறுத்துவிடுங்கள். மூன்றாவது இடத்தில் எடுத்த படங்களில் களைத்த முகங்கள்தான் இருக்கும்.

எங்கே தங்குவது

பயண முகவர்கள் பெரும்பாலும் பிரதுனாமிலோ சுகும்வித்திலோ அறை போட்டுத் தருவார்கள். துணி வாங்கப் போகிறவர்களுக்கு அது சரி. நிதானமாக ஊர் பார்க்கும் இருவருக்கு நான் சொல்வது, சபான் தக்சின் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். பிடிஎஸ் என்னும் வான்ரயில் அங்கே ஆற்றைத் தொடுகிறது. நிலையப் படியிறங்கினால் எதிரிலேயே சாத்தோன் படகுத்துறை. ரயிலும் படகும் கூடும் இடம் என்பதால் எந்த நேரத்தில் களைத்தாலும் அரை மணியில் அறைக்கு வந்துவிடலாம். மதிய ஓய்வு என்ற ஏற்பாடு நடப்பதும் நடக்காததும் இதைப் பொறுத்துத்தான்.

அங்கே அறை கிடைக்காவிட்டால் எம்ஆர்டி சுரங்க ரயிலின் நீலத் தடத்தில் வாட் மங்கோன் அல்லது சாம் யோத் நிலையத்தின் அருகில் பாருங்கள். 2019இல் அந்தத் தடம் பழைய நகரத்துக்குள் நீண்டபிறகு, சனாம் சாய் நிலையத்தில் இறங்கி வாட் போ விகாரைக்கு நடந்தே போய்விடலாம். மழைநாளில் படகை விட இது நல்லது. எம்ஆர்டி வாயிலில் வங்கி அட்டையைத் தொட்டாலே கதவு திறக்கும். பிடிஎஸ் வேறு நிறுவனம் என்பதால் அதற்குத் தனியாகச் சீட்டு வாங்க வேண்டும்.

சென்னையிலிருந்து சுமார் மூன்றரை மணி நேரப் பறப்புதான், கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளினால் போதும். ஆனால் இரவு விமானத்தில் வந்தால் தூக்கம் கெட்டிருக்கும். இறங்கிய அன்றே அரண்மனைக்கு ஓடாதீர்கள். சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்து நகர ரயில் அரை மணிக்குள் பயா தாய் நிலையத்துக்குக் கொண்டுவிடும். கட்டணம் 45 பாட். பெரிய பெட்டிகளோடு காலை நெரிசலில் அதில் ஏறுவது கஷ்டம். விடியற்காலையில் இறங்கினால் மட்டும் டாக்சி சரியான தேர்வு. மீட்டர் தொகைக்கு மேல் விமான நிலையக் கட்டணமாக 50 பாட்டும், விரைவுச்சாலைச் சுங்கமும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

கிளம்புவதற்கு முன் விசா விதியை ஒருமுறை சரிபாருங்கள், அடிக்கடி மாறுகிறது. 2025 மே முதல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்புவது கட்டாயம். வந்திறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இருவரும் தனித்தனியாக நிரப்புங்கள். அரசுத் தளத்தில் அதற்குப் பணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் அரசுடையது அல்ல.

படகில் ஏறுவது

சாத்தோன் துறையில் நிற்கும் படகுகளில் இரண்டு வகையைத் தெரிந்துகொண்டால் போதும். நீலக்கொடி கட்டியது சுற்றுலாப் படகு, கட்டணம் கூடுதல். ஆரஞ்சுக் கொடி கட்டியதில்தான் ஊர்க்காரர்கள் அலுவலகம் போகிறார்கள். எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம், 16 பாட் அளவில் இருக்கும். நான் எப்போதும் சொல்வது ஆரஞ்சுக் கொடியைத்தான். உட்கார இடம் கிடைக்காமல் போகலாம். ஆனால் இந்த ஊர் எப்படி வாழ்கிறது என்பது அந்தப் படகில் தெரியும். நடத்துநர் கையில் நீண்ட தகரக் குழல் ஒன்று இருக்கும். அதற்குள்ளேயே சில்லறையும் சீட்டுச் சுருளும். அதன் மூடியை அவர் டக் டக்கென்று தட்டிக்கொண்டே வந்தால் காசை எடுங்கள் என்று பொருள். படகின் பின்புறம் நிற்கும் பையன் விசில் அடித்தே முன்னால் இருக்கும் மாலுமிக்கு இன்னும் எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று சொல்வான். துறையில் படகு நிற்பது சில நொடிகள்தான், முழுதாகக் கட்டவும் மாட்டார்கள். ஒருவர் இறங்கி மற்றவர் படகிலேயே தங்கிவிடாமல் இருக்க, உங்கள் துறைக்கு முந்தைய துறையிலேயே எழுந்து பின்பக்கம் வந்து நில்லுங்கள். பின்புறத்தில் பிக்குகளுக்கென்று ஒதுக்கிய இடம் இருக்கும். அங்கே பெண்கள் நெருங்கி நிற்பதில்லை.

மாலை ஆறு மணிக்கு மேல் இந்தப் படகை நம்பாதீர்கள். திரும்புவதற்கு ரயிலை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சேன் சேப் கால்வாயில் ஓடும் படகும் உண்டு. 1830களில் வெட்டத் தொடங்கிய கால்வாய் அது, இன்று நகரத்தின் முதுகுப்பக்கத்தைக் காட்டும் வழி. வேகமாகப் போகும், தண்ணீர் தெறிக்கும். ஓரத்தில் உட்கார்ந்தவர் கயிற்றை இழுத்துத் தார்ப்பாயை உயர்த்த வேண்டும். படகின் விளிம்பில் கால் வைத்து ஏறி இறங்க வேண்டியிருப்பதால் இருவரில் ஒருவருக்கு முழங்கால் வலி இருந்தாலும் இதை விட்டுவிடுங்கள்.

வாட் போவும் எதிர்க்கரையும்

ஒரே ஒரு காலைதான் உங்களிடம் இருக்கிறது என்றால் அரண்மனைக்குப் போகாதீர்கள், வாட் போவுக்குப் போங்கள். காலை எட்டு மணிக்குக் கதவு திறக்கும்போது உள்ளே இருங்கள். நுழைவு 300 பாட். சயனித்திருக்கும் புத்தர் 46 மீட்டர் நீளம், 15 மீட்டர் உயரம். மண்டபமோ அந்த உருவத்தை ஒட்டியே எழுப்பப்பட்டிருக்கிறது. எந்த இடத்தில் நின்றாலும் முழு உருவம் ஒரே பார்வையில் அடங்காது. தலையிலிருந்து கால்வரை நடந்துதான் பார்க்க வேண்டும். பாதங்களில் கறுப்பு அரக்கின்மேல் முத்துச்சிப்பி பதித்து 108 மங்கலச் சின்னங்கள். தலைப்பக்கம் கூடும் கூட்டம் இங்கே கொஞ்சம் குறையும். இருவரும் நின்று யானையையும் தாமரையையும் கண்டுபிடித்துக்கொண்டிருக்கலாம். முதுகுப்பக்கச் சுவர் ஓரமாக 108 வெண்கலப் பாத்திரங்கள் வரிசையாக இருக்கும். 20 பாட் கொடுத்துச் சில்லறை வாங்கி ஒவ்வொன்றிலும் ஒரு காசாகப் போட்டுக்கொண்டே நடப்பார்கள். அந்தக் கணகண ஒலி மண்டபம் முழுக்கக் கேட்கும்.

பெரும்பாலோர் அதோடு வெளியே வந்துவிடுகிறார்கள். வெளிமுற்றங்களில் ஆளே இருக்காது. பீங்கான் பூக்கள் பதித்த தூபிகள், நிழல் தாழ்வாரத்தில் வரிசையாக அமர்ந்த புத்தர்கள், கல்லில் வெட்டிய மருத்துவக் குறிப்புகள் எல்லாம் அங்கேதான். தாய் மசாஜ் கலையின் பாடங்கள் இந்த விகாரையில் கல்வெட்டாகவே இருக்கின்றன. 2019இல் யுனெஸ்கோ அந்தக் கலையைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. வளாகத்துக்குள்ளேயே பயிற்சிப் பள்ளியின் மசாஜ் கூடமும் உண்டு. ஒருவருக்கு மசாஜ் பிடிக்கும், மற்றவருக்கு உடம்பைத் தொட்டாலே கூச்சம் என்றால் இதுதான் பிரிந்து செல்ல நல்ல இடம். ஒருவர் கூடத்தில் படுக்க, மற்றவர் முற்றங்களைச் சுற்றட்டும். சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் மட்டும் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க இருவரும் ஒன்றாகவே இருந்துதான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் எந்தப் பயணத்துக்கும் நல்லதல்ல.

பக்கத்திலேயே தா தியேன் துறை. அங்கிருந்து சில பாட் கட்டணத்தில் அக்கரைக்குப் படகு. இறங்கினால் வாட் அருண். தூரத்திலிருந்து சாம்பல் கோபுரமாகத் தெரிவது, கிட்டே போனால் உடைந்த சீனப் பீங்கான் துண்டுகளால் கோத்த பூவேலையாக விரியும். மேலே ஐராவதத்தின்மேல் இந்திரனைப் பாருங்கள். இங்கே தாய் உடையை வாடகைக்கு எடுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் தம்பதிகள் நிறைய. வெயில் ஏறுவதற்கு முன்பாகவோ மாலை நாலு மணிக்கு மேலோ போனால்தான் அந்தப் பட்டாடையில் வேர்க்காமல் நிற்கலாம்.

அரண்மனைக்குப் போவதென்றால்

பெரிய அரண்மனைக்குத் தனியாக ஒரு காலை ஒதுக்குங்கள். நுழைவு 500 பாட், காலை எட்டரைக்குத் திறக்கிறார்கள், பிற்பகல் மூன்றரையோடு சீட்டு நின்றுவிடும். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், இருவருக்கும் இதே விதிதான். புடவையும் சுடிதாரும் தொல்லையில்லாதவை. அரைக்கால் சட்டையோடு வரும் ஆண்கள்தான் வாசலில் மாட்டிக்கொள்கிறார்கள்.

வாசலுக்குச் சற்று முன்னால் நல்ல உடை உடுத்திய ஒருவர் வந்து, “இன்று அரண்மனை மூடல், வேறு புத்தரைக் காட்டுகிறேன், டுக்டுக்கில் 20 பாட்தான்” என்பார். அந்த வண்டி கடைசியில் ஒரு நகைக்கல் கடையில் போய் நிற்கும். பல ஆண்டுகளாக நடக்கிற ஏமாற்று இது. பதில் சொல்லாமல் வாசல் வரை நடந்து நீங்களே பாருங்கள்.

அரண்மனை வளாகத்துக் கோயிலில் இருக்கும் மரகத புத்தர் 66 சென்டிமீட்டர் உயரம்தான். பருவத்துக்கு ஒன்றாக ஆண்டுக்கு மூன்று முறை மன்னரே வந்து அவருக்கு உடை மாற்றுவார். ஆனால் நம்மவர்கள் அதிக நேரம் செலவிட வேண்டியது சுற்றுத் தாழ்வாரத்தில். ராமகியென் என்னும் தாய் இராமாயணம் 178 சுவரோவியங்களாக அங்கே ஓடுகிறது. வட வாசல் அருகே தொடங்கி வலம்வரும் திசையிலேயே பாருங்கள். இராவணன் இங்கே தொட்சகன். அனுமன் வெள்ளைக் குரங்கு. பிரம்மசாரி அல்ல, காதலிகளும் மகனும் உண்டு. பிரமாண்டமாக வளர்ந்த அனுமன் இராமனின் பாசறையையே வாய்க்குள் வைத்துக் காக்கும் ஓவியம் ஒன்று உண்டு, தவறவிடாதீர்கள். மையராப் என்ற அசுரன் இராமனைக் கடத்திப் பாதாளத்துக்குக் கொண்டுபோகும் கதை அது. பாட்டி சொல்லி மயில்ராவணன் கதை கேட்டவர்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. தங்கப்பூச்சு வெயிலில் கண்ணைக் கூசவைக்கும் வளாகத்தில், நிழலோடு ஒரு மணி நேரம் நடக்கக் கிடைக்கும் ஒரே இடமும் இந்தத் தாழ்வாரம்தான்.

ஊஞ்சலும் மாரியம்மனும்

சாம் யோத் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், வாட் சுதாத் எதிரில், சாலை நடுவே இரண்டு செந்நிறத் தூண்கள் 20 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கின்றன. அதுதான் ராட்சத ஊஞ்சல். சிவன் பூமிக்கு இறங்கி வருவதாகக் கருதும் மார்கழி, தை ஒட்டிய நாட்களில் பிராமணர்கள் அதில் ஆடுவது அரசச் சடங்காக இருந்தது. 1935இல் ஆட்டம் நின்றது. சடங்கு மட்டும் பக்கத்துத் தேவஸ்தானத்தில் தொடர்கிறது. சிவன், பிள்ளையார், நாராயணன் மூவருக்கும் சந்நிதிகள் உள்ள சிறிய வெள்ளைக் கோயில் அது. அரசவைப் பிராமணர்கள் அங்கே ஓதும் பாடல்களில் திருவெம்பாவையும் திருப்பாவையும் உண்டு. தலைமுறை தலைமுறையாக வாய்வழி வந்து ஒலி மாறிப்போனதால் தமிழ் காதுக்குச் சட்டென்று பிடிபடாது. கடல் கடந்து இத்தனை காலம் ஒரு பாட்டு ஓதப்பட்டு வருகிறது என்பதற்காகவே இந்த வீதிக்கு ஒரு முறை வரலாம் என்பேன்.

சீலோம் சாலையும் பான் சாலையும் சந்திக்கும் முனையில் மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. தமிழகத்திலிருந்து போய்க் குடியேறியவர்கள் 19ஆம் நூற்றாண்டில் எழுப்பியது. உள்ளே நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய் மக்கள். சாமந்தி மாலை, தேங்காய், வாழைப்பழம் அடுக்கிய தட்டோடு வரிசையில் வருவார்கள். படம் எடுக்க அனுமதி இல்லை. நவராத்திரி முடிவில் அம்மன் வீதியுலாவுக்காகச் சீலோம் சாலையையே மூடிவிடுவார்கள். உங்கள் பயணம் அந்த நாட்களில் வந்தால் அன்று மாலைக்கு வேறு எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். தோசையும் சாம்பாரும் இல்லாமல் இரண்டு நாளுக்கு மேல் தாங்காதவர்களுக்கு இந்தச் சீலோம் பக்கத்தில் தென்னிந்திய உணவகங்கள் உண்டு.

மாலைகள்

பாக் க்ளாங் தலாத் பூச்சந்தை இரவும் பகலும் திறந்திருக்கும். இரவு ஒன்பதுக்கு மேல்தான் லாரிகள் வந்து சூடு பிடிக்கும். மல்லிகை மொட்டை ஐஸ் கட்டியோடு பையில் வைத்து விற்பார்கள். ஒரு கடை முன்னால் நின்று மாலை கட்டுவதைப் பாருங்கள். நம் ஊரில் நாரில் தொடுப்பது போல் அல்ல. முழ நீள ஊசியில் மொட்டுகளை ஒரே சாய்வில் சுற்றிச் சுற்றிக் குத்தி நிரப்பி, பிறகு மொத்தத்தையும் நூலுக்குத் தள்ளுகிறார்கள். உற்றுப் பார்த்தால் சில மாலைகளில் வெள்ளைப் பொடிப்பூவாக எருக்கம்பூ இருக்கும். நாம் பிள்ளையாருக்குச் சாத்தும் பூ, அங்கே கல்யாண மாலைக்குப் போகிறது. பெண்கள் பூவைத் தலையில் சூடுவதில்லை. மாலை போவது புத்தருக்கும், வண்டிக் கண்ணாடிக்கும், படகின் மூக்குக்கும்.

இன்னொரு மாலை யாவரத் என்னும் சீனத்தெரு. ஆறு மணிக்குமேல் நடைபாதையே உணவுக்கடையாகிவிடும். தோளோடு தோள் நடக்க இடமிருக்காது, ஒருவர் பின் ஒருவராகத்தான் போக வேண்டும். முன்னால் போகிறவர் கடைக்குக் கடை திரும்பிப் பார்ப்பது நல்லது. சைவ உணவுக்காரர்கள் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து உள்ள கடையைத் தேடுங்கள். “ஜே” என்றால் இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இல்லை, பூண்டு வெங்காயமும் கிடையாது. “காய்கறி மட்டும்” என்று ஆங்கிலத்தில் சொல்லி வாங்கினால் மீன் சாறு சேர்ந்தே வரும். அவர்கள் கணக்கில் அது உப்பு மாதிரி. “கின் ஜே” என்று சொல்லுங்கள். கூடவே “மை சை நாம் ப்லா”, மீன் சாறு வேண்டாம். பேச்சின் கடைசியில் மனைவி “கா” என்றும் கணவர் “க்ராப்” என்றும் சேர்த்தால் மரியாதை. கடைக்காரர் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்.

நடக்கவே மனமில்லாத மாலைக்கு லும்பினி பூங்கா. ஏரிக்கரையில் ஆள் நீளத்துக்கு உடும்பு வகைப் பிராணிகள் நிதானமாகக் கடந்து போகும். வழி விடுங்கள், தொல்லை கொடுக்காது. ஆறு மணிக்கு ஒலிபெருக்கியில் தேசிய கீதம் வந்ததும் ஓடிக்கொண்டிருப்பவர்கள்கூட அப்படியே நின்றுவிடுவார்கள். நீங்களும் நில்லுங்கள். மன்னர் குடும்பத்தைப் பற்றிப் பொது இடத்தில் தமிழிலும் வேடிக்கையாகப் பேச வேண்டாம், அங்கே அது கடும் குற்றம்.

எந்த மாதம், கடைசி நாள்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். நவம்பரை ஒட்டிய பௌர்ணமியில் வரும் லாய் க்ரதோங் அன்று, வாழைத்தண்டில் பூவும் விளக்கும் வைத்து ஆற்றில் விடுவார்கள். தம்பதியாகச் சேர்ந்து விடுகிறவர்கள் நிறைய. ஏப்ரலில் வெயில் உச்சம், 13 முதல் 15 வரை சோங்க்ரான் புத்தாண்டு, தெருவெல்லாம் தண்ணீர் வீச்சு. நனைவதில் விருப்பமில்லாதவர்கள் அந்த வாரத்தைத் தவிர்க்கவும். செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம். ஆனாலும் பெரும்பாலும் பிற்பகலில்தான் கொட்டும். மதிய ஓய்வைக் கடைப்பிடிப்பவர்களுக்கு அது பெரிய இடைஞ்சல் இல்லை, அறையும் மலிவாகக் கிடைக்கும்.

திரும்பும் நாளில் புதிய இடம் எதுவும் வேண்டாம். பெட்டிகளை விடுதி வரவேற்பில் ஒப்படைத்துவிட்டு, இருவருக்கும் பிடித்த ஒரு இடத்துக்கு மறுபடி போங்கள். இரவு விமானம் என்றால் மாலை மூன்றரைக்கே பெட்டியோடு கிளம்பி, நாலரை நெரிசல் தொடங்குவதற்குள் நகரத்தைத் தாண்டிவிடுங்கள். அதைத் தவறவிட்டால் எட்டு மணி வரை விடுதியிலேயே இருந்து பிறகு கிளம்புங்கள். விமானம் அதற்கு இடம் கொடுக்காவிட்டால் பெட்டி இடித்தாலும் பரவாயில்லை, பயா தாயிலிருந்து ரயிலைப் பிடியுங்கள்.